தங்கமலைக்குப் போன கருவாடு

சார்லஸ் நார்டாஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1870-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவைச் சுற்றிப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். அங்கே குடியேற வருகிறவர்களுக்குக் கையேடு மாதிரி. மெர்செட் பக்கத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களையும் போய்ப் பார்த்தார். அவர்களுக்கான மளிகைக் கடை ஒரு ரயில் பெட்டிக்குள் இருந்தது. மனிதர் உள்ளே ஏறி, இருந்த சரக்கைப் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். காய்ந்த சிப்பி, காய்ந்த கணவாய், கருவாடு, மூங்கில் குருத்து வற்றல், உப்பிட்ட கோசு, சீனத்துச் சர்க்கரை, நான்கு வகை உலர்பழம், ஐந்து வகைக் காய்கறி வற்றல், சேமியா, கடற்பாசி, பன்றி உப்புக்கண்டம், அபலோன் என்கிற பெரிய கடல்நத்தையின் காய்ந்த சதை, கடலை எண்ணெய், காளான் வற்றல், தேயிலை, அரிசி. பன்றிக்கறியைக் கசாப்புக்காரரிடம் வாங்கிக்கொள்வார்கள், பண்டிகை வந்தால் கோழியும். பக்கத்திலேயே வெள்ளைக்காரத் தொழிலாளி தின்றது மாட்டிறைச்சி, பீன்ஸ், ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு.

நான் தூத்துக்குடிக்காரன். கருவாட்டு மணத்தில் வளர்ந்தவன். பட்டியலைப் பார்த்ததும் இது பஞ்சத்துச் சாப்பாடு அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடலோரத்துக்காரன் தூரதேசம் போகும்போது எதையெல்லாம் யோசித்துக் கட்டி எடுத்துப்போவானோ, அதுதான் அந்தப் பெட்டியில் இருந்தது. இப்போது வாழ்வது சான் ஹோசேயில். தென் சீனத்துக் கேண்டன் பகுதி மக்கள் இந்தக் கரைக்கு வந்து நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஊர்ச் சமையலை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்டால் பலரும் பாட்டி, கைப்பக்குவம், ஞாபகம் என்று உருகுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஞாபகம் இருந்தால் மட்டும் குழம்பு கொதிக்காது, சரக்கு வேண்டும். அந்தச் சமையலைக் காப்பாற்றியது மளிகை வியாபாரம்.

1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. செய்தி ஹாங்காங் வழியாக, கேண்டன் இருக்கும் முத்து ஆற்றுப் பகுதிக்குள் பரவியது. 1852-இல் மட்டும் சுமார் இருபதாயிரம் சீனர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். அந்த நகரத்தை அவர்கள் தங்கமலை என்றார்கள். ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்து மெல்பர்ன் புதுத் தங்கமலை ஆனதும், இது பழைய தங்கமலை ஆகிவிட்டது. சீன மொழியில் இன்றைக்கும் அதுதான் சான்ஃபிரான்சிஸ்கோவின் பெயர். வந்தவர்களில் பெரும்பாலோர் கேண்டன் நகரத்துக்காரர்கள் அல்ல. நகரத்துக்குத் தென்மேற்கே இருந்த தொய்ஷான், ஹொய்பிங், யன்பிங், சன்வுய் ஆகிய நான்கு வட்டங்களின் கிராமத்து ஆட்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். மனைவி ஊரில், அம்மா ஊரில். சமையல் தெரிந்தவர்கள் எல்லாம் ஊரிலேயே இருந்தார்கள் என்று சொல்லலாம். வீட்டுச் சமையல் என்று நாம் இன்று கொண்டாடுவதை இந்த நாட்டில் முதலில் அடுப்பேற்றியவர்கள் வீடே இல்லாத ஆண்கள்.

சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனியில் அவர்களுடைய நிலைமை விசித்திரமானது. 1867-இல் மாதச் சம்பளம் 31 டாலரிலிருந்து 35 டாலருக்கு உயர்ந்தது. ஆனால் சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. வெள்ளைக்காரருக்கோ சம்பளத்தோடு கம்பெனிச் சாப்பாடு. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்துக்குள் ஒரு லாபமும் இருந்தது. கம்பெனி போடுவதைத் தின்ன வேண்டிய கட்டாயம் இல்லாததால் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே தீர்மானித்தார்கள். குழுவுக்கு ஒரு சமையல்காரர். நாள் முழுக்கக் குடிக்க, கொதித்த தண்ணீரில் போட்ட தேநீர். கண்ட ஓடைத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வந்த வயிற்றுக் கோளாறுகள் இவர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

அதே 1867 ஜூனில், சியரா மலையில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் 40 டாலர் சம்பளமும் குறைந்த வேலை நேரமும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. கம்பெனியின் சார்லஸ் கிராக்கர் துப்பாக்கி தூக்கவில்லை. மலைக்குப் போகும் மளிகையை நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. அரிசி மூட்டை எந்த வழியாக வருகிறது, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

வழியின் மறுமுனை ஹாங்காங். ஷியுங் வான் பகுதியில், பானம் ஸ்ட்ராண்ட் சாலையை ஒட்டி, இரண்டு விதமான வியாபாரிகள் இருந்தார்கள். தென்கிழக்கு ஆசியச் சரக்கை வட சீனத்துக்கும், வட சீனச் சரக்கைத் தெற்குக்கும் மாற்றிவிட்டவர்கள் நாம் பாக் ஹோங் என்ற தெற்கு–வடக்கு வணிகர்கள். 1868-இல் சங்கமே வைத்துவிட்டார்கள். இன்னொரு வகை, கம் சான் சோங் எனப்பட்ட தங்கமலை மொத்தக் கடைகள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த சீன மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் பிடித்து அனுப்புவதே இவர்கள் தொழில். சான்ஃபிரான்சிஸ்கோ கடைக்காரர் கடிதம் எழுதுவார். அதைப் படிக்கும் ஹாங்காங் முதலாளி பெரும்பாலும் அவருடைய ஊர்க்காரர் அல்லது பங்காளி. சன்வுய்யிலிருந்து காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல், யங்கோங்கிலிருந்து புளிக்கவைத்த கறுப்பு சோயா அவரை, முத்து ஆற்று முகத்துவாரத்திலிருந்து சிப்பி வற்றல் என்று ஒவ்வொன்றையும் அதற்குப் பேர்போன ஊரிலிருந்து வாங்கி, ஜாடியிலும் பெட்டியிலும் அடைத்துக் கப்பலேற்றுவார். பணம் பிறகு. ஊர்ப்பெயர்தான் ஜாமீன். 1867-இல் பசிபிக் மெயில் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே முறையாக ஓட ஆரம்பித்தன. பாய்மரக் கப்பல் இரண்டு மாதம் வரை எடுத்த வழி, ஒரு மாதக் கணக்குக்கு வந்தது.

கப்பல் வெறுமனே திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும் பணமும் கடிதமும் அதே கடைகள் மூலமாகவே போயின. இங்கே செத்தவர்களின் எலும்பும் அப்படியே போனது. சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்பைச் சுத்தம் செய்து, பெட்டியில் பெயர் எழுதி ஹாங்காங்குக்கு அனுப்புவார்கள். அங்கே 1870-இல் தொடங்கிய துங் வா மருத்துவமனை அதை வாங்கிச் சொந்தக் கிராமத்துக்குச் சேர்த்தது. கருவாட்டை அனுப்பிய வியாபாரியும் எலும்பை இறக்கிக்கொண்ட வியாபாரியும் பல சமயம் ஒருவரேதான்.

அந்த ஜாடிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழுப்பு மெருகு பூசிய முரட்டு மண்ஜாடிகள். சோயா சாறுக்கு மூக்கு வைத்தது, ஊறல் காய்க்கு வாயகன்றது, உப்பிட்ட முட்டைக்குப் பீப்பாய் வடிவம். அமெரிக்க மேற்கில் சுரங்கம், ரயில் முகாம், சீனத்தெரு என்று எங்கே தோண்டினாலும் இவற்றின் ஓடு கிடைக்கிறது. நான் இருக்கும் சான் ஹோசேயில் மார்க்கெட் தெருவில் ஒரு சீனக் குடியிருப்பு இருந்தது. 1887 மே 4 அன்று அதை எரித்தார்கள். தானாகப் பிடித்த தீ அல்ல, வைத்த தீ. 1980-களின் நடுவில் அந்த இடத்தில் பெரிய ஓட்டல் கட்டப் பள்ளம் தோண்டியபோது ஜாடியும் கிண்ணமும் எலும்பும் பெட்டி பெட்டியாக வந்தன. ரொம்ப நாள் யாரும் பிரிக்காமல் கிடந்து, பிறகு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள். பன்றி எலும்புதான் அதிகம். மீன் எலும்புகளை ஆராய்ந்தபோது ஓர் ஆச்சரியம்: கலிஃபோர்னியா மீன்களுக்கு நடுவே, தென்கிழக்கு ஆசிய நன்னீரைத் தாயகமாகக் கொண்ட ராட்சத விரால். நம் வயல் குளத்து விராலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அங்கே பிடித்துக் கருவாடாக்கி, ஹாங்காங்கில் கைமாறி, பசிபிக்கைத் தாண்டி, இந்த ஊர்ச் சட்டியில் விழுந்திருக்கிறது. கேண்டன் பகுதிக் கிராமத்துக்காரனுக்குக்கூட அந்த மீன் உள்ளூர்ச் சரக்கு அல்ல! அசல் கேண்டனீஸ் சமையல் என்று சொல்கிறபோது அந்த ‘அசல்’ என்பதற்குள்ளேயே மூன்று நாட்டுச் சரக்கு இருக்கிறது. 2021 செப்டம்பரில் சான் ஹோசே நகர மன்றம் அந்தத் தீவைப்புக்கும், சீனர்களுக்கு இழைத்த மற்ற கொடுமைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 134 ஆண்டு தாமதம்.

எல்லாம் கப்பலிலேயே வந்துவிடவில்லை. முத்து ஆற்றுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மான்டரே கரையில் 1850-களிலேயே அபலோன் எடுத்துக் காயப்போட ஆரம்பித்தார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் அதுவரை அதைச் சீந்தியதில்லை. காய்ந்த அபலோன் ஹாங்காங்குக்கே ஏற்றுமதியானது. பிறகு இத்தாலிய மீனவர்கள் வந்து பகலில் கடலை ஆக்கிரமித்துக்கொண்டதால், சீனர்கள் இரவுக்கு மாறினார்கள். படகு முனையில் இரும்புக் கூடை, அதில் எரியும் விறகு, வெளிச்சத்துக்கு மேலே வரும் கணவாய். வயல் வயலாகக் காயப்போட்டார்கள். காய்கிற கணவாயின் நாற்றம் தாங்கவில்லை என்று ஊரே கூப்பாடு போட்டது. (நாற்றமா மணமா என்பது மூக்கு எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்தது; என் அபிப்பிராயத்தை நான் மேலேயே சொல்லிவிட்டேன்.) 1906 மே 16 அன்று அந்த மீனவக் கிராமமும் எரிந்தது. இன்று அதே இடத்தில் ஸ்டான்ஃபர்டின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் நிற்கிறது.

சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சைனா கேம்ப் என்ற இடத்தில் இறால். 1880-களில் ஐந்நூறு பேர் வரை அங்கே குடியிருந்தார்கள். பையைப் போன்ற வலையை அலை ஓட்டத்தில் கட்டி, பொடி இறாலை அள்ளி, உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் குன்றின் சரிவில் காயப்போட்டார்கள். நம் சென்னாக்குன்னி போலத்தான். அரசாங்கம் கையை நேரடியாகப் பிடிக்கவில்லை, ஒவ்வொரு விரலாக மடக்கியது. 1901-இல் இறால் அதிகம் கிடைக்கும் மாதங்களில் பிடிக்கத் தடை. 1905-இல் காய்ந்த இறாலை ஏற்றுமதி செய்யத் தடை. 1911-இல் அந்த வலைக்கே தடை.

இதற்கெல்லாம் மேலே 1882-இன் சீனர் விலக்குச் சட்டம். சீனக் கூலியாட்கள் இனி வரக்கூடாது. வியாபாரிகள் போன்ற சிலர் மட்டும் வரலாம், போகலாம். வியாபாரி மனைவியைக் கூட்டி வரலாம். யார் வியாபாரி? 1893-இன் திருத்தம் விளக்கம் கொடுத்தது: நிலையான கடை இருக்க வேண்டும், தன் வியாபாரத்துக்குத் தேவையானதைத் தவிர வேறு உடலுழைப்பு வேலை எதுவும் செய்யக்கூடாது, சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அதாவது, மளிகைக் கடைக்காரன் தன் கடை அரிசி மூட்டையைத் தூக்கலாம்; அடுத்தவன் மூட்டையைக் கூலிக்குத் தூக்குவதை அதிகாரி பார்த்துவிட்டால் அவன் கூலியாகிவிடுவான். உலகத்தில் வேறெங்காவது யார் மூட்டையைத் தூக்கலாம் என்று மளிகைக் கடைக்காரனுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். விளைவு, ஒரு சின்னக் கடைக்குப் பத்துப் பதினைந்து பங்குதாரர்கள். சோயா ஜாடி விற்ற வருமானத்துக்காக அல்ல. பங்குப் பத்திரம்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வரும் அனுமதிச் சீட்டு. சீனச் சமையல் பொருள் ஏன் அந்தக் கெட்ட காலத்திலும் இத்தனை சிறு ஊர்களில் கிடைத்தது என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்றே நினைக்கிறேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். தபால் அங்கேதான் வரும், கடிதம் எழுதத் தெரிந்தவர் அங்கேதான் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் சாப்பாடும் அங்கேதான்.

1910 முதல் 1940 வரை, வந்த சீனர்களைச் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் அடைத்து விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படிக்கட்டு, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக் குடைவார்கள். தீவுச் சாப்பாடு வாயில் வைக்க முடியாத சாப்பாடு. அதற்காகக் கலவரமே நடந்திருக்கிறது. நகரத்துச் சொந்தக்காரர்கள் வறுத்த வாத்தும் பலகாரமும் அனுப்புவார்கள். விசாரணைக்கு வேண்டிய பதில்கள் வேர்க்கடலை ஓட்டுக்குள்ளும் ஆரஞ்சுத் தோலுக்குள்ளும் மடித்து வைக்கப்பட்டு உள்ளே போயின. விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கியது. அதற்குப் பதிலாக வந்த அனுமதி, ஆண்டுக்கு 105 பேர்.

மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி. கொரியப் போரில் சீனா இறங்கியதும், 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனச் சரக்கு முழுவதையும் தடை செய்தது. இந்தத் தடை இருபது ஆண்டுக்கு மேல் நீடித்தது. சன்வுய் ஆரஞ்சுத் தோல் கடத்தல் பொருளாகிவிட்டது. ஹாங்காங்கில் தயாரித்த பண்டத்துக்கும், அதில் கம்யூனிஸ்ட் சீனத்துப் பொருள் எதுவும் கலக்கவில்லை என்று ஹாங்காங் அரசாங்கத்தின் சான்றிதழ் வேண்டும். உப்பிட்டுக் காயவைத்த வாத்து விஷயத்தில் சிக்கல் வந்தது. வாத்து ஹாங்காங்கில் வளர்ந்தது, சரி. அது பொரிந்து வந்த முட்டை சீனத்திலிருந்து வந்ததென்றால், அந்த வாத்து எந்த நாட்டு வாத்து? பெரிய பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ குடும்பங்கள் அதற்குள் கிடைத்ததை வைத்துச் சமைக்கக் கற்றுக்கொண்டன. ஹாங்காங் கம்பெனிகளுக்கோ இது வாய்ப்பு. லீ கம் ஷியுங் 1888-இல் முத்து ஆற்று முகத்துவாரத்து நன்ஷுய்யில் சிப்பிச் சாறு காய்ச்சி விற்க ஆரம்பித்தவர். கடை 1902-இல் தீயில் போனதும் மக்காவோவுக்கு மாறினார். 1932-இல் குடும்பம் ஹாங்காங் வந்தது. 1971-இல் தடை நீங்கி, அடுத்த ஆண்டு நிக்சன் பீகிங் போய், இரண்டு பாண்டாக்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்த அந்த 1972-இலேயே அந்தக் குடும்பத்தின் லீ கம் கீ கம்பெனி பாண்டா படம் போட்ட மலிவு விலைச் சிப்பிச் சாறை இறக்கியது. இன்றும் அமெரிக்காவில் எந்தச் சீனக் கடைக்குப் போனாலும் அந்தப் பாண்டா நிற்கிறது. வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பாட்டி தொய்ஷான்காரர். 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கணவரோடு வந்து சேர்ந்தவர். கொத்தின பன்றிக்கறியை அப்பம் போலத் தட்டி, மேலே ஒரு துண்டு கருவாடும் இஞ்சியும் வைத்து, சோற்றுப் பானைக்குள்ளேயே ஆவியில் வேகவைப்பார். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிடுவார். நாங்கள் கருவாடு வறுக்கிற நாட்களில் அவர் வீட்டு ஜன்னல் விரியத் திறந்திருக்கும். சில நாள், “மீன் சமைச்சியா?” என்று வாசலில் நின்று கேட்பார். “ஆமாம் பாட்டி” என்றால் போதும், ஒரு கிண்ணம் சூப்போடு திரும்பி வருவார். தாமரைக் கிழங்கு, வேர்க்கடலை, காய்ந்த பேய்க்கணவாய், பன்றி எலும்பு, பேரீச்சை மாதிரியான சிவப்புப் பழம், ஒரு துண்டு பழைய ஆரஞ்சுத் தோல். மூன்று மணி நேரம் சிறு தீயில் கொதித்தது. அந்தக் கிண்ணத்தில் தாமரைக் கிழங்கையும் எலும்பையும் விட்டால் பாக்கியெல்லாம் காய்ந்த சரக்கு. நார்டாஃப் ஏறிப் பார்த்த ரயில் பெட்டிக்குள் பாட்டியால் தாராளமாகச் சமைத்திருக்க முடியும்.

கறிகாய்க்கு என்னைச் சீனக் கடைக்குப் பழக்கியவரும் அவர்தான். பாகற்காய், பீர்க்கங்காய், நீர்ப்பூசணி, தண்டுக்கீரை, சேப்பங்கிழங்கு, நீளக் காராமணி எல்லாம் சான்ஃபிரான்சிஸ்கோ ஸ்டாக்டன் தெருவில் காலையில் குவிந்து கிடக்கும். கலிஃபோர்னியா மண்ணில் இவற்றில் பலவற்றை முதலில் விதைத்தவர்கள் சீனத் தோட்டக்காரர்கள். கூடையைக் காவடியில் தூக்கித் தெருத்தெருவாக விற்றார்கள். 1870-இல் சான்ஃபிரான்சிஸ்கோ நகராட்சி, நடைபாதையில் காவடி தூக்கிப் போகக்கூடாது என்று விதி போட்டது. யாரைக் குறிவைத்த விதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஏறக்குறைய எல்லாமே கிடைக்கிறது, கிடைக்காதவை சொற்பம். கலிஃபோர்னியாவில் அபலோன் மீன்பிடித் தொழிலுக்கு 1997-இல் தடை வந்தது. எண்ணிக்கை சரிந்துவிட்டதால் நியாயமான தடை. சுறாத் துடுப்பு விற்பனையும் நின்றுவிட்டது, அதற்காக நான் அழப்போவதில்லை.

இந்த வரலாற்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஆரிகன் மாநிலத்தில் ஜான் டே என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். கம் வா சுங் என்று ஒரு கடை. 1880-களின் கடைசியில் லுங் ஆன், இங் ஹே என்ற இரு கேண்டன் பகுதிக்காரர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். முன்னவர் வியாபாரி, பின்னவர் நாட்டு வைத்தியர். 1940-இல் வியாபாரி இறந்தார், 1952-இல் வைத்தியர். கடை பூட்டிக் கிடந்தது. 1960-களின் கடைசியில் திறந்தபோது தகர டப்பாக்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட மருந்துச் சரக்குகள், கணக்கு நோட்டுகள், கடிதங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வைத்தியரின் கட்டிலுக்கு அடியில், பணமாக்காமல் விட்ட காசோலைகள் 23,000 டாலருக்கு. யாருக்கு எத்தனை ராத்தல் கருவாடு கடன் போனது என்பது வரைக்கும் இப்படிப்பட்ட கடைகளின் நோட்டுகளில்தான் இருக்கிறது. அரசாங்க ஆவணத்தில் இருப்பது விசாரணையும் விலக்கும் மட்டுமே.

நம்மவர்களும் டர்பனுக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் மாசியும் புளியும் மல்லியும் கொண்டுபோய் விற்றவர்கள்தான். அந்தக் கடைகளின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பரணில் கிடக்கும் பழைய சிட்டையையும் பேரேட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.